கடுகதியா, எல்லா நிலையங்களிலும் தரிக்கும் வண்டியா?
கரையோரப் புகையிரதப் பாதையின் கணக்கு

கொழும்பு கோட்டையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கரையோரப் புகையிரதப் பாதையில் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் இருவகைப் பிரயாணிகள் ஒரே தண்டவாளத்தில் சந்தித்துக் கொள்கின்றனர். அளுத்கம, களுத்துறை, பாணந்துறை ஆகிய இடங்களில் ஏறி கோட்டைக்கோ மருதானைக்கோ செல்வோர் ஒரு சாரார். வழியிலுள்ள சிறு நிலையங்கள் ஒவ்வொன்றிலும் வண்டி நின்று செல்வதை இவர்கள் விரும்புவதில்லை. கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆகிய இடங்களில் காத்து நிற்போர் மறு சாரார். தம் கண்ணெதிரே வண்டியொன்று நிற்காமற் கடந்து செல்வதை இவர்கள் விரும்புவதில்லை. இவ்விரு சாராரின் கோரிக்கைகளும் நியாயமானவையே. ஒன்றை முழுமையாக நிறைவேற்றினால் மற்றது பாதிக்கப்படும் என்பதுதான் சிக்கல்.

நேர அட்டவணை திருத்தப்படும்போதெல்லாம் இப்பிரச்சினை மகஜர்களாகவும் அரசியல்வாதிகளின் சிபாரிசுகளாகவும் தலைதூக்குவது வழமை. குரல் வலுத்த ஊருக்குத் தரிப்பிடம் கிடைக்கிறது. குரல் எழாத ஊருக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் இது சலுகையாக வழங்கப்பட வேண்டிய விடயமன்று. கூட்டிக் கழித்துப் பார்த்து முடிவு செய்யக்கூடிய விடயமே. அந்தக் கணக்கு என்ன, அதில் வெள்ளவத்தையினதும் கொட்டாஞ்சேனையினதும் இடம் எது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாதையின் பின்னணி

இலங்கையில் புகையிரதப் போக்குவரத்து 1860களின் நடுப்பகுதியில் அம்பேபுஸ்ஸ வரையான பாதையுடன் ஆரம்பமாயிற்று. மலையகத்துக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டு வருவதே அதன் முதல் நோக்கம். கரையோரப் பாதையின் கதை வேறு. 1894 ஆம் ஆண்டில் காலியையும் 1895 ஆம் ஆண்டில் மாத்தறையையும் எட்டிய இப்பாதை, நெருக்கமாக அமைந்த கரையோர ஊர்களின் மக்களை ஏற்றி இறக்கும் பாதையாகவே வளர்ந்தது. 2019 ஏப்ரலில் அது பெலியத்த வரை நீடிக்கப்பட்டது.

1955 ஆம் ஆண்டில் மாத்தறைக்கு 'ருஹுணு குமாரி'யும், 1956 ஆம் ஆண்டில் வடக்கே 'யாழ்தேவி'யும் சேவையில் ஈடுபடுத்தப்பட்டன. டீசல் எஞ்சின்கள் அறிமுகமான அக்காலத்திலேதான் கடுகதி என்ற சொல் பொதுமக்களின் அன்றாட வழக்கில் ஒரு மதிப்பைப் பெற்றது. பெயர் சூட்டப்பட்ட வண்டி, குறைந்த தரிப்பிடங்கள், விரைந்த பயணம் என்பன பெருமைக்குரியவையாயின. நெடுந்தூரப் பயணத்துக்கு அது பொருத்தமானதே. ஆனால், நெடுந்தூர வண்டிகளும் நகர்ப்புற அலுவலக வண்டிகளும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தமையால், அன்று விதைக்கப்பட்ட போட்டி இன்றும் தொடர்கின்றது.

ஒரு தரிப்பின் விலை

வண்டியொன்று ஒரு நிலையத்தில் நிற்பதால் எவ்வளவு நேரம் செலவாகிறது? நிலையத்தில் அது நிற்கும் முக்கால் நிமிடந்தான் என்று பலரும் எண்ணுவர். அது முழுக் கணக்கன்று. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, நிலையத்துக்கு வெகு முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும். புறப்பட்ட பின்னர் மீண்டும் அவ்வேகத்தை எட்டுவதற்கு டீசல் எஞ்சினுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் தேவைப்படும். இவற்றையெல்லாம் சேர்த்தால், ஒரு தரிப்பினால் இழக்கப்படும் நேரம் சுமார் ஒன்றரை நிமிடம் எனக் கொள்ளலாம். மிதிபலகைவரை ஆட்கள் தொங்கும் காலை வேளையில், ஏறி இறங்குவதற்கே கூடுதல் நேரம் எடுக்கும் என்பதால் இழப்பு இதனிலும் அதிகமாகும்.

பாணந்துறைக்கும் கோட்டைக்கும் இடையே எகொட உயன, கொரலவெல்ல, மொரட்டுவை, லுனாவ, அங்குலானை, இரத்மலானை, கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, செயலக நிலையம் என 13 தரிப்பிடங்கள் உள்ளன. அனைத்திலும் நிற்கும் வண்டியுடன் ஒப்பிடுகையில், இவற்றில் 10 இடங்களைத் தவிர்த்து மூன்றில் மாத்திரம் நிற்கும் வண்டி 15 நிமிடங்களை மிச்சப்படுத்தும். நாளொன்றுக்கு இருமுறை பயணஞ் செய்யும் ஒருவருக்கு அது அரைமணி நேரம். மாதத்தில் 22 வேலை நாட்கள் எனக் கொண்டால் 11 மணித்தியாலங்கள். தூரத்துப் பிரயாணியின் கோரிக்கை வெறும் பொறுமையின்மை அன்று என்பதற்கு இக்கணக்கே சான்றாகும்.

இரண்டே தண்டவாளப் பாதைகள்

அப்படியாயின், வேண்டிய மட்டும் கடுகதி வண்டிகளை விட்டுவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் பாதையின் அமைப்பு குறுக்கே நிற்கின்றது. கொழும்பை அண்டிய பகுதியில் கரையோரப் பாதை இரட்டைப் பாதையாகும். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. முன்னே செல்லும் வண்டியைப் பின்னே வரும் வண்டி முந்திச் செல்ல வேண்டுமாயின், முன்னையது ஏதேனுமொரு நிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்க வசதியில்லாத இடங்களில் கடுகதி, மெதுவாகச் செல்லும் வண்டியின் பின்னாலேயே ஊர்ந்து வரவேண்டியதுதான்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். பாதுகாப்புக் கருதி இரு வண்டிகளுக்கிடையே ஐந்து நிமிட இடைவெளி தேவை என்று வைத்துக்கொள்வோம். எல்லா இடங்களிலும் நிற்கும் வண்டி பாணந்துறையிலிருந்து கோட்டைக்குச் செல்ல 50 நிமிடங்களும், கடுகதி 35 நிமிடங்களும் எடுக்கின்றன எனக் கொள்வோம். சாதாரண வண்டி காலை 6.00 மணிக்குப் புறப்பட்டால் 6.50 க்குக் கோட்டையை அடையும். அதன் பின்னே வரும் கடுகதி 6.55 க்கு முன்னர் கோட்டைக்குள் நுழைய முடியாது. ஆகவே, அது 6.20 க்கு முன்னர் பாணந்துறையிலிருந்து புறப்படுவதிற் பயனில்லை. எல்லா வண்டிகளும் ஒரே வேகத்தில் ஓடியிருந்தால் 6.05, 6.10, 6.15 ஆகிய நேரங்களில் மேலும் மூன்று வண்டிகளை விட்டிருக்கலாம். ஒரு கடுகதியின் வேகத்துக்காக மூன்று சாதாரண வண்டிகளின் இடம் இழக்கப்படுகின்றது என்பதே இதன் பொருள்.

திணைக்களத்திடம் மேலும் மூன்று வண்டிகளை விடுவதற்கு எஞ்சின்களும் பெட்டிகளும் சாரதிகளும் இருந்தால்தான் இந்த இழப்பு மெய்யான இழப்பாகும் என்பதையும் மறத்தலாகாது. வண்டிகள் பற்றாக்குறையாக உள்ளபோது, பாதையில் வெற்றிடம் இருப்பதனால் மாத்திரம் எவருக்கும் பயன் இல்லை. மறுபுறம், விரைந்து சென்று திரும்பும் வண்டி அதே காலைப்பொழுதில் இன்னொரு முறை ஓடக்கூடும். எனவே வேகம் என்பது பிரயாணிக்கு மட்டுமன்றி, திணைக்களத்துக்கும் ஒரு சேமிப்பே.

பிற நகரங்களின் அனுபவம்

உலகின் பெருநகரங்கள் இதே கேள்விக்கு வெவ்வேறு விடைகளைக் கண்டன. 1904 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் திறக்கப்பட்ட முதலாவது சுரங்க ரயில் பாதை, அதன் முக்கிய பகுதியில் நான்கு தண்டவாளப் பாதைகளுடன் அமைக்கப்பட்டது. நடுவிலுள்ள இரண்டில் கடுகதிகளும் ஓரங்களிலுள்ள இரண்டில் எங்கும் நிற்கும் வண்டிகளும் ஓடின. சில நிலையங்களில் பிரயாணிகள் மேடையைக் கடந்து ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிக்கொள்ளலாம். மும்பையின் புறநகர்ப் பாதைகளிலும் விரைவு வண்டிகளுக்கும் மெது வண்டிகளுக்கும் தனித்தனிப் பாதைகள் உண்டு.

பெரும்பாலும் இரு பாதைகளே இருந்த சிக்காகோ நகரம் வேறொரு வழியை நாடியது. 1948 முதல் அங்கு வண்டிகள் 'ஏ', 'பி' என இரு வகைகளாகப் பிரிக்கப்பட்டன. பெரிய நிலையங்களில் இரண்டும் நின்றன. சிறிய நிலையங்களில் ஒன்று விட்டு ஒன்றாக நின்றன. எல்லா வண்டிகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடியமையால் முந்திச் செல்லும் தேவை எழவில்லை. ஆனால், சிறு நிலையத்தில் நிற்பவருக்குக் காத்திருப்பு இருமடங்காகியது. 'ஏ' நிலையத்திலிருந்து 'பி' நிலையத்துக்குச் செல்ல வேண்டியவர் நடுவில் வண்டி மாற வேண்டியிருந்தது. 1995 ஆம் ஆண்டில் அந்த முறை கைவிடப்பட்டது.

நியூயோர்க்கின் வழி கொழும்புக்குப் பொருந்தாது. கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை பாதையின் ஒரு புறம் அலையடிக்கும் கடல். மறு புறம் மரைன் டிரைவ் வீதியும் அதனையொட்டி எழுந்த தொடர்மாடிகளும். மூன்றாவது, நான்காவது பாதைகளுக்கு அங்கு இடமேது? ஆகவே, இருக்கின்ற இரண்டு பாதைகளைப் பகிர்ந்துகொள்வது எங்ஙனம் என்பதே நமக்குரிய கேள்வியாகும்.

யாருடைய நேரம்?

வண்டியொன்று வெள்ளவத்தையில் நிற்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க ஓர் எளிய கணக்கு உண்டு. வண்டிக்குள் 1000 பேர் இருக்கின்றனர் எனக் கொள்வோம். அது நிற்பதால் ஒவ்வொருவரும் ஒன்றரை நிமிடத்தை இழக்கின்றனர். மொத்தம் 1500 நிமிடங்கள். அது நிற்காவிட்டால், வெள்ளவத்தையில் ஏற அல்லது இறங்க வேண்டியவர்கள் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். அடுத்த வண்டி 15 நிமிடத்தில் வருமாயின், 100 பேர் இருந்தாலே இரு பக்கமும் சமனாகும். ஐந்து நிமிடத்தில் வருமாயின் 300 பேர் வேண்டும். அரைமணி நேரம் கழித்தே வருமாயின் 50 பேர் போதும்.

நண்பகல் வேளையைக் கவனியுங்கள். வண்டியில் 400 பேர் மாத்திரமே உள்ளனர். அடுத்த வண்டிக்கு ஒரு மணித்தியாலம் உண்டு. அப்போது மேடையில் பத்துப் பேர் நின்றாலே வண்டியை நிறுத்துவது நியாயமாகிவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு தெளிவானது. வண்டிகள் அடுத்தடுத்து வரும் நெரிசல் நேரத்தில் சில வண்டிகள் சில நிலையங்களைத் தவிர்ப்பதில் அநீதி இல்லை. வண்டிகள் அரிதாக வரும் நேரத்தில் நிலையங்களைத் தவிர்த்துச் செல்வதே அநீதியாகும். பிரயாணி எதிர்பார்ப்பது தம் நிலையத்தில் எல்லா வண்டிகளும் நிற்க வேண்டும் என்பதையன்று. நெடுநேரம் காத்திருக்காமல் ஒரு வண்டி கிடைக்க வேண்டும் என்பதையே.

இக்கணக்குக்கு எல்லைகளும் உண்டு. எல்லா நிமிடங்களும் சமமானவை அல்ல. இருக்கையில் அமர்ந்திருப்பவர் இழக்கும் ஒன்றரை நிமிடம் அவரது நாளைக் குலைப்பதில்லை. மழையில் மேடையில் நிற்கும் ஒரு தாய் இழக்கும் 15 நிமிடம், கடைப் பணியாளர் ஒருவரின் அரைநாட் சம்பளமாகவோ மாணவர் ஒருவரின் பரீட்சை நேரமாகவோ இருக்கலாம். அத்துடன், பாணந்துறையிலேயே நிரம்பி வழியும் வண்டி வெள்ளவத்தையில் நின்றாலும் அதில் ஏற இடம் இராது. அவ்வேளையில் தரிப்பு என்பது பெயரளவிலான சலுகையே. உள்ளே இருப்பவர்களுக்கு நேர இழப்பு; வெளியே நிற்பவர்களுக்கு மிதிபலகையில் உயிராபத்து.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்

வெள்ளவத்தையைச் சாதாரண நகர்ப்புற நிலையமாக மாத்திரம் கருதலாகாது. தமிழ் மக்கள் செறிந்து வாழும் இப்பகுதிக்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் உறவினரைக் காணவும் மருத்துவத்துக்காகவும் வெளிநாட்டுப் பயண அலுவல்களுக்காகவும் வருவோர் ஏராளம். 1990 ஆம் ஆண்டில் தடைப்பட்ட வடபகுதிப் புகையிரதச் சேவை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர், கோட்டையுடன் நின்றுவிடாது கல்கிசை வரை ஓடிய வடபகுதி வண்டிகள் வெள்ளவத்தை மக்களுக்கு எத்துணை உதவியாக இருந்தன என்பதை அவற்றிற் பயணித்தோர் அறிவர். பயணப் பொதிகளுடனும் முதியோருடனும் வருபவர் கோட்டையில் இறங்கி வேறு வாகனம் தேடும் அலைச்சலை அந்த ஒரு தரிப்பு நீக்கியது. நெடுந்தூர வண்டிக்கும் நகர்ப்புறத் தரிப்பு சில இடங்களில் தேவை என்பதற்கு இதனிலும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

கொட்டாஞ்சேனையின் நிலைமை வேறு. அங்கு புகையிரத நிலையமே இல்லை. ஒரு காலத்தில் கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் வரை ட்ராம் வண்டிகள் ஓடின. 1899 ஆம் ஆண்டில் கொழும்பில் ஆரம்பமான ட்ராம் சேவை 1960 ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்ததோடு வடகொழும்பு தண்டவாளத் தொடர்பை இழந்தது. இன்று கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கோ பம்பலப்பிட்டிக்கோ செல்ல வேண்டிய மாணவரும் ஊழியரும் மட்டக்குளியிலிருந்து காலி வீதிக்குச் செல்லும் 155 ஆம் இலக்க பஸ்ஸை நம்பியிருக்க வேண்டும். அல்லது புறக்கோட்டை வரை பஸ்ஸில் வந்து புகையிரதத்துக்கோ காலி வீதி பஸ்ஸுக்கோ மாற வேண்டும்.

இவ்வாறு மாறிச் செல்லும் ஒருவருக்குக் கடுகதியினால் கிடைக்கும் பயன் மிகச் சொற்பம். கோட்டையிலிருந்து வெள்ளவத்தை ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் தூரமே. இடையிலுள்ள நான்கு தரிப்பிடங்களையும் தவிர்த்தாலும் மிச்சமாவது ஆறு நிமிடங்கள். ஆனால், கோட்டையில் 30 நிமிடத்துக்கு ஒரு வண்டியே வருமாயின், சராசரி இழப்பே 15 நிமிடங்களாகிவிடும். குறுந்தூரப் பிரயாணிக்கு வேகத்தைவிட வண்டிகளின் எண்ணிக்கையே முக்கியம். நெடுந்தூரப் பிரயாணிக்கோ எண்ணிக்கையைவிட வேகம் முக்கியம். இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டால் தீர்வுக்கான வழியும் புலப்படும்.

நடுவழி ஒன்று

மேலே காட்டிய உதாரணத்துக்குத் திரும்புவோம். 6.20 க்குப் பாணந்துறையிலிருந்து புறப்படும் கடுகதியின் பின்னால், 6.25 க்கு இன்னொரு சாதாரண வண்டி புறப்படுகின்றது. கடுகதி 6.55 க்குக் கோட்டையை அடையும். சாதாரண வண்டி 7.15 க்குத்தான் வந்து சேரும். பாணந்துறையில் ஐந்து நிமிடமாக இருந்த இடைவெளி கோட்டையில் 20 நிமிடமாக விரிந்து விடுகின்றது. நடுவழியான கல்கிசையில் அது பத்து நிமிடத்துக்கு மேற்பட்டதாக இருக்கும். அந்த இடைவெளியில், கல்கிசையிலிருந்தே புறப்பட்டு தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என ஒவ்வோரிடத்திலும் நின்று செல்லும் குறுந்தூர வண்டியொன்றை விடலாம். தூரத்துப் பிரயாணி விரைவாகச் செல்வார். வெள்ளவத்தைப் பிரயாணிக்கு வெற்று இருக்கைகளுடன் வண்டி வரும்.

வலயச் சேவை என்று இதனைக் கூறலாம். அளுத்கமவிலிருந்தும் களுத்துறையிலிருந்தும் வரும் வண்டிகள் பாணந்துறைவரை எங்கும் நின்று, அதன் பின்னர் மொரட்டுவை, பம்பலப்பிட்டி போன்ற சில இடங்களில் மாத்திரம் தரிக்கலாம். நகரை அண்டிய நிலையங்களைக் குறுந்தூர வண்டிகள் கவனிக்கலாம். நெரிசல் நேரம் கழிந்ததும் எல்லா வண்டிகளும் எல்லா முக்கிய நிலையங்களிலும் நிற்க வேண்டும். 2011 நவம்பரில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பின்னர் காலிக்குச் செல்வோருக்கு வேறொரு விரைவு வழி உண்டு என்பதால், கடுகதிகளின் முன்னுரிமையை மீளாய்வு செய்வதற்கும் இடமுண்டு. ஆயினும், அதிவேக பஸ் கட்டணத்தைக் கொடுக்க இயலாத தென்பகுதி ஊழியருக்குப் பருவகாலச் சீட்டுடன் கூடிய புகையிரதமே கதி என்பதையும் இங்கு மனங்கொள்ள வேண்டும்.

இத்தகைய ஏற்பாட்டுக்கு இரு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, நேரந்தவறாமை. கடுகதி பத்து நிமிடம் பிந்தினால் அதன் பின்னால் வரும் குறுந்தூர வண்டியின் இடமும் பறிபோகும். பிரதான பாதையிலிருந்தும் புத்தளம் பாதையிலிருந்தும் களனிவெளிப் பாதையிலிருந்தும் வரும் வண்டிகள் மருதானையில் ஒன்றுகூடுவதால், வேறொரு பாதையின் தாமதமும் கரையோரப் பாதையைத் தாக்கும். இரண்டாவது, தகவல். எங்கும் நிற்கும் வண்டியில் தவறாக ஏறினாலும் தீங்கில்லை. சில இடங்களில் நிற்காத வண்டியில் தவறாக ஏறியவர் வெள்ளவத்தையைக் கடந்து மொரட்டுவையிலே இறங்க நேரிடும். ஆகவே, எந்த வண்டி எங்கு நிற்கும் என்ற அறிவித்தல் மேடையிலும் பெட்டியிலும் சிங்களத்துடன் தமிழிலும் இருத்தல் வேண்டும். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஊருக்குப் புதிதாக வந்திறங்கும் தமிழ்ப் பிரயாணிக்கு அவ்வுரிமையின் பொருள் விளங்குவது இத்தகைய இடங்களிலேதான்.

எதிர்காலம்

நிரந்தரத் தீர்வு தரிப்பின் விலையையே குறைப்பதாகும். மின்சார வண்டிகள் டீசல் வண்டிகளைவிட விரைவாக வேகமெடுப்பவை. அகன்ற கதவுகளும் மேடைக்குச் சமமான தளமும் இருந்தால் ஏறி இறங்கும் நேரமும் குறையும். தரிப்பின் இழப்பு ஒன்றரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடமாகக் குறைந்தால், நமது உதாரணத்தில் இரு வகை வண்டிகளுக்கிடையிலான வேறுபாடு 15 நிமிடத்திலிருந்து பத்து நிமிடமாகச் சுருங்கும்; பாதையின் கொள்ளளவும் கூடும். சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான புறநகர்ப் பாதையில் மின்சார வண்டிகள் 1931 ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கின. கொழும்பின் புறநகர்ப் பாதைகளை மின்மயமாக்கும் யோசனையோ பல தசாப்தங்களாகப் பேச்சளவிலேயே உள்ளது. ஜப்பானிய கடனுதவியுடன் மாலபேயிலிருந்து கோட்டை வரை அமைக்கப்படவிருந்த இலகு ரயில் திட்டமும் 2020 செப்டெம்பரில் கைவிடப்பட்டது.

பெருந்திட்டங்கள் வரும்வரை மக்கள் காத்திருக்க இயலாது. நேர அட்டவணையைச் சீர்செய்வதற்குக் கொங்கிறீற்றும் உருக்கும் தேவையில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் எந்த நேரத்தில் எத்தனை பேர் ஏறி இறங்குகின்றனர் என்ற எண்ணிக்கையை எடுத்து, அதனைப் பகிரங்கப்படுத்தி, தரிப்பிடங்களை அதன் அடிப்படையில் ஒதுக்குவதே முதற்படி. அந்த எண்ணிக்கை வெளியிடப்படுமாயின், தம் நிலையத்தில் ஒரு வண்டி ஏன் நிற்கவில்லை என்பதை வெள்ளவத்தை மக்கள் ஏற்றுக்கொள்வர். தம் வண்டி ஏன் வெள்ளவத்தையில் நிற்கிறது என்பதைப் பாணந்துறை மக்களும் ஏற்றுக்கொள்வர். சிபாரிசினால் பெற்ற தரிப்பிடம் அடுத்த சிபாரிசினால் பறிபோகக்கூடியது. எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்கின்படி வழங்கப்பட்டதைப் பறிப்பது அத்துணை எளிதன்று. புகையிரதத் திணைக்களமும் போக்குவரத்து அமைச்சும் இதனைக் கருத்திற் கொள்ளுமா?